தானியக் கூட்டுறவு ஊழியர்களுக்குச் சைபர் பாதுகாப்புப் பயிற்சியை எங்கே தொடங்குவது?

கணினி இல்லாமல் வேலை பார்ப்பதில் தொடங்குங்கள். 2021 செப்டம்பரில், அறுவடைக் காலத்தில், அமெரிக்காவின் அயோவாவிலுள்ள நியூ கோஆப்பரேட்டிவ் தானியக் கூட்டுறவின் கணினிகளை கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் முடக்கியது. தாக்கியவர்கள் கேட்ட தொகை 59 லட்சம் டாலர்.

அறுவடைக்கு முன் ஒருநாள் எடைச்சீட்டு, ஈரப்பத அளவு, தீவன ஆர்டர் எல்லாவற்றையும் தாளில் எழுதவையுங்கள். எங்கே தடுமாறுகிறார்களோ அங்கேதான் பாடம் தேவை.

கோப்புகளின் நகல் இருக்கும் பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி வைக்கப் பழக்குங்கள். நெட்வொர்க்கிலேயே இருந்தால் தாக்குபவர்கள் அதையும் பூட்டிவிடுவார்கள். மாதம் ஒருமுறை அதிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பார்க்கட்டும். தானிய உலர்த்தி இயந்திரம், எடைமேடை ஆகியவற்றை இயக்கும் கண்ட்ரோலர்களில், தயாரித்த கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். சர்வீஸ்காரரின் ரிமோட் இணைப்பை வேலை முடிந்ததும் துண்டிக்க வேண்டும்.

தவறான லிங்க்கை அழுத்திவிட்டேன் என்று வந்து சொல்பவரைத் தயவுசெய்து திட்டாதீர்கள். திட்டினால், அடுத்து தவறு செய்பவர் அதை மறைப்பார், அந்தச் சில மணி நேரத்தில் எல்லாம் பூட்டப்பட்டிருக்கும்.