துண்டின் ஈர முனை – கடிதம்

அன்புள்ள ஐயா,

சிறு வயதில் சில காலம் கோல்ஃப் மைதானத்தில் ஆடுபவர்களின் மட்டைப் பையைத் தூக்கும் கேடியாக வேலை பார்த்ததாக நீங்கள் ஒரு கட்டுரையில் எழுதியிருந்ததைப் படித்த துணிவில் இதைக் கேட்கிறேன். நான் சோழிங்கநல்லூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். இரண்டு ஆண்டுகளாக ஞாயிறு காலைகளில் கோல்ஃப் ஆடுகிறேன். தொலைக்காட்சியில் ஆடுபவர்கள் வெட்ஜால் (பந்தில் படும் முகம் நன்றாகச் சாய்ந்த மட்டை) அடிக்கும் பந்து, குழியில் நட்ட கொடிக்கு அப்பால் விழுந்து ஒரு முறை துள்ளிக் கயிறு கட்டி இழுத்தாற்போல் பின்னால் வருகிறது. என் பந்தும் நன்றாகத்தான் எழும்புகிறது. காலை வேளையில் வழக்கத்தைவிட உயரமாகவே போகிறது. ஆனால் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனில் விழுந்ததும் நிற்காமல் ஓடி மறுபக்கத்துப் புல்லுக்குள் போய்விடுகிறது. மட்டையை இன்னும் செங்குத்தாக இறக்கி அடிக்கச் சொல்கிறார் பயிற்சியாளர். முகம் 60 டிகிரி சாய்ந்த வெட்ஜ் வாங்கினால் பேக்ஸ்பின் (பின்சுழற்சி) கூடுமா? (சென்ற மாதம் ஒன்று வாங்கிவிட்டேன்.) என் கேடி ஒவ்வொரு அடிக்கு முன்பும் மட்டையைத் துடைத்துக்கொண்டே இருப்பதில் நேரம் போகிறது, அதனால் இப்போதெல்லாம் நானே பையிலிருந்து உருவிக்கொள்கிறேன். இது பணக்காரர்களின் விளையாட்டு என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். அதைப் பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சென்ற வாரம் நந்தனத்தில் ஒரு டீக்கடை வாசலில், ஏறத்தாழ என் வயதுள்ள ஒருவர் ஒரு துண்டின் ஒரு முனையை மட்டும் குழாயில் நனைத்து, கவனமாகப் பிழிந்து, காய்ந்த முனை நனைந்துவிடாதபடி தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்தேன். அவர் கோல்ஃப் மைதானத்துக்குக் கேடி வேலைக்குப் போகிறார் என்பதை அந்த மடிப்பே எனக்குச் சொல்லிவிட்டது. ஐம்பது ஆண்டுகளாக நினைத்துப் பார்க்காத ஒரு செய்கை அது. வீடு திரும்பும் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. இல்லாவிட்டால் கோல்ஃப் பற்றிய கேள்விக்கு இந்தப் பக்கத்தில் நான் பதில் எழுதியிருக்க மாட்டேன்.

உங்கள் கேள்விக்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, அதை நீங்கள் ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள். கேடி துடைப்பதால் நேரம் போகிறது என்கிறீர்கள். அவரை நிறுத்திய பிறகு காலையில் பந்து வழக்கத்தைவிட உயரமாகப் போவதைப் பெருமையோடும், அது நிற்காமல் ஓடுவதை வருத்தத்தோடும் தனித்தனி வரிகளில் எழுதுகிறீர்கள். இவை இரண்டும் ஒரே நோயின் அறிகுறிகள் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?

மட்டையின் முகமும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியை இரண்டாயிரமாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு நேரம் மட்டுமே. அந்த நேரத்துக்குள் சாய்ந்த முகத்தில் பந்து மேல்நோக்கி வழுக்கப் பார்க்கிறது; முகம் அதைப் பற்றி நிறுத்தப் பார்க்கிறது. அந்தப் பற்றுதலில்தான் பந்து பின்னோக்கிச் சுழலத் தொடங்குகிறது. சிறுவர்கள் தெருவில் சைக்கிள் டயரைக் கையால் பின்னுக்கு இழுத்துச் சுண்டி முன்னால் எறிய, அது சற்றுத் தூரம் போய்த் தயங்கி அவர்களிடமே திரும்பி வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுண்டலைச் செய்யும் விரல்களின் வேலையைத்தான் இங்கே உராய்வு செய்கிறது. விரலில் எண்ணெய் இருந்தால் டயர் திரும்பி வராது. முகத்தில் பனியும் புல்லின் சாறும் மண்ணும் இருக்கும்போது பந்து பற்றப்படாமல் வழுக்கி மேலேறிவிடுகிறது. அதனால் அதிக உயரத்தில் கிளம்புகிறது, குறைவாகச் சுழல்கிறது. ஈரம் மட்டுமே சுழற்சியைப் பாதியாக்கிவிடக்கூடும். நீங்கள் பெருமைப்பட்ட அந்த உயரம் பந்து வழுக்கியதற்கான சாட்சி.

முகத்தில் வெட்டப்பட்டிருக்கும் கோடுகள் பந்தைக் கடித்துச் சுழற்றுகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். மழைநாளில் வேளச்சேரிப் பக்கம் தேய்ந்த டயரோடு பிரேக் போட்டவருக்கு அவற்றின் உண்மையான வேலை புரியும். தண்ணீரும் புல்லும் ஒதுங்குவதற்கு வழி விடுவதே அவற்றின் முதல் வேலை. அதை அவை மிக நன்றாகச் செய்துவிடுகின்றன என்பதால்தான், நெடும்புல்லிலிருந்து அடித்தாலும் பந்து அடங்கி நிற்கிறது என்று முறையிட்டு, விதி வகுக்கும் இரண்டு அமைப்புகளும் 2010 முதல் பெரிய போட்டிகளில் அவற்றின் கூர்மைக்கும் கொள்ளளவுக்கும் கட்டுப்பாடு விதித்தன. அந்தக் கோடுகளை மண்ணால் அடைத்து வைத்துக்கொண்டு, இன்னும் செங்குத்தாக இறக்கி அடிக்கலாமா என்று கேட்பது, அடைத்துக்கொண்ட கால்வாயில் இன்னும் வேகமாகத் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்பதைப் போன்றது.

உங்கள் பயிற்சியாளரைக் குறை சொல்லவில்லை. பந்தை முதலிலும் தரையைப் பிறகும் தொட வேண்டும் என்பதற்காக அவர் அப்படிச் சொல்லியிருப்பார். முகத்துக்கும் பந்துக்கும் நடுவே புல் சிக்காமல் இருக்க அது உதவும். ஆனால் செங்குத்தாக இறக்குவதே சுழற்சியைத் தருவதில்லை. அடிபடும் கணத்தில் முகம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, மட்டை எந்தப் பாதையில் வருகிறது, இவற்றுக்கு இடையிலான கோணமும் மட்டையின் வேகமும்தான் கணக்கு. இறக்கி அடிக்கிறேன் என்று முகத்தையும் சேர்த்து நிமிர்த்திவிட்டால் அந்தக் கோணம் அப்படியே இருக்கும். தரையில் பள்ளம் மட்டும் மிஞ்சும். பந்து எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. கடினமான மேலுறை கொண்ட மலிவுப் பந்து என்றால் எவர் அடித்தாலும் குறைவாகவே சுழலும். மென்மையான யூரித்தேன் உறை கொண்டதை வாங்குங்கள். இதற்கு மேல் பந்தைப் பற்றிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

தொலைக்காட்சியைப் பற்றி மட்டும் கொஞ்சம் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே ஆடுபவரின் பிட்சிங் வெட்ஜிலிருந்து கிளம்பும் பந்து நிமிடத்துக்குச் சுமார் 9,300 சுற்றுச் சுழல்கிறது. உங்கள் தலைக்கு மேலே ஓடும் மின்விசிறி நானூறைத் தாண்டுவதே அரிது. அவர் முழு வீச்சில் அடிக்கிறார். நீங்கள் முப்பது கஜத்திலிருந்து பயந்து பயந்து தட்டிவிட்டு, அதுவும் திரும்பி வர வேண்டும் என்கிறீர்கள். வேகமில்லாத இடத்தில் சுழற்சி எங்கிருந்து வரும்? பந்து அப்படித் திரும்பி வரும் கிரீன் பெரும்பாலும் மென்மையாக இருக்கும். பந்து பின்னால் வரும் இடங்களில் பல அவரை நோக்கியே சரிந்திருக்கும். நம் ஊர் கிரீனில் இருப்பது அருகம்புல் இனம். ஆம், பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அருகம்புல்லின் குட்டையான கலப்பினம்தான். உலகம் அதைப் பெர்முடா புல் என்கிறது. சித்திரை வெயிலில் இறுகிய தரையில் அது வேறு விளையாட்டு, ஐப்பசி மழைக்குப் பிறகு வேறு விளையாட்டு. இதையெல்லாம் பார்க்காமல் திரும்பி வரும் பந்தை மட்டும் பார்த்துவிட்டு ஏங்குவது, கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின் கடைசித் தீர்மானத்தை மட்டும் கேட்டுவிட்டு மிருதங்கம் வாங்கப் புறப்படுவதற்குச் சமம்.

எனக்குப் பதின்மூன்று வயதில், 1974இல், சைதாப்பேட்டையிலிருந்து விடியும் முன்பே நடந்து போய்ப் பை தூக்கத் தொடங்கினேன். கேடி வேலைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்ன அன்று அம்மா அழுதுவிட்டார். போலீஸ் பட்டியலில் இருப்பவனைத்தான் எங்கள் தெருவில் கேடி என்பார்கள். எனக்கு வேலை கற்றுத்தந்த மூத்த கேடியை நாங்கள் எல்லோரும் பெரியப்பா என்றே அழைத்தோம். இடுப்பு வேட்டியின் மடிப்பில் தென்னை ஈர்க்குகள் நாலைந்து செருகியிருப்பார். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் ஈர முனையால் முகத்தைத் துடைத்து, ஈர்க்கின் நுனியால் ஒவ்வொரு கோட்டையும் கீறி அழுக்கெடுத்து, காய்ந்த முனையால் ஈரத்தை ஒற்றியெடுத்த பின்னரே மட்டையைக் கொடுப்பார். “ஈரம் அழுக்கெடுக்க மட்டும்தான்டா, ஈரத்தோட குடுத்தா அழுக்கோட குடுத்ததுக்குச் சமம்” என்று அவர் சொன்னதை நான் முதலில் காதில் வாங்கவில்லை.

அந்த ஆண்டு மார்கழியில் ஒரு விடியற்காலை, துண்டைத் தெரியாமல் புல்லில் போட்டு முழுவதையும் நனைத்துவிட்டேன். சொல்லப் பயந்துகொண்டு, ஈரத் துண்டாலேயே துடைத்த வெட்ஜை நான் பை தூக்கிய உறுப்பினரிடம் நீட்டினேன். பந்து மிக உயரமாகப் போனது. நானே மனத்துக்குள் கைதட்டினேன். அது கிரீனின் நடுவில் விழுந்து, நிற்காமல் ஓடி, பின்னாலிருந்த மணற்குழியில் இறங்கியது. அவர் வெட்ஜின் முகத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு அதை என் காலடியில் எறிந்துவிட்டு நடந்தார். அன்றைய கூலியும் கிடைக்கவில்லை. நான் அழுதபடி பெரியப்பாவிடம் முறையிட்டபோது, எறிந்தது அவருடைய தப்பு, துண்டு உன்னுடைய தப்பு, இரண்டையும் கலக்காதே என்றார். பிறகு எனக்கு டீயும் பொறையும் வாங்கிக் கொடுத்தார்.

திங்கட்கிழமைகளில் கேடிகள் ஆட அனுமதி உண்டு. உறுப்பினர் ஒருவர் கழித்துப்போட்ட ஒற்றை வெட்ஜும், குட்டையிலிருந்து எடுத்த பந்துகளுமாகப் பெரியப்பா ஆடுவார். அவர் பந்து ஒருநாளும் பின்னால் வந்து நான் பார்த்ததில்லை. விழும், ஒரு முறை துள்ளும், இரண்டாம் துள்ளலில் ஆணியடித்தாற்போல் நின்றுவிடும். குழியைத் தாண்டிப் போட்டுவிட்டுப் பின்னால் இழுப்பதை அவர் கடன் வாங்கித் தர்மம் செய்வது என்பார். நின்றால் போதும், ஆர். எங்கே நிற்கும் என்று தெரிந்து அடித்தால் இன்னும் நல்லது.

எடின்பரோவில் பி. ஜி. டெய்ட் என்றொரு இயற்பியல் பேராசிரியர் இருந்தார். சுழற்சி எல்லாமே கெடுதல் என்று கற்றுக்கொண்டு பல காலம் ஆடியவர், பின்சுழற்சிதான் பந்தைக் காற்றில் தாங்கி நெடுந்தூரம் கொண்டு செல்கிறது என்பதை 1890களில் தாமே கணக்கிட்டுக் கண்டுபிடித்தார். அதுவரை தம்மை அறியாமல் அதே சுழற்சியைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பேராசிரியருக்கே அந்த நிலை என்றால் உங்களை அதிகம் திட்டுவது நியாயமில்லை.

நண்பர்களின் கேலிக்கு என்னிடம் பதில் இல்லை, ஓரளவு அவர்கள் சொல்வது உண்மையும்கூட. 1991இல் இந்தியன் ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரான அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்தவர் என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

அடுத்த ஞாயிறு இதைச் செய்யுங்கள். துண்டைக் கேடியிடம் திருப்பிக் கொடுங்கள். அவர் துடைத்து முடிக்கும் வரை மட்டையைத் தொடாதீர்கள். அதற்குப் பத்து நொடி ஆகும், நீங்கள் பந்தின் முன்னால் நின்று ஒத்திகை பார்க்கும் நேரத்தில் பாதிகூட இல்லை. பின்னால் வருபவர்கள் முணுமுணுத்தால் அந்த ஒத்திகையைக் குறையுங்கள். ஒரே இடத்திலிருந்து பத்துப் பந்து துடைத்த முகத்தாலும், பத்துப் பந்து துடைக்காத முகத்தாலும் அடித்து, எவை உயரமாகப் போகின்றன, எவை நிற்கின்றன என்று எழுதி வையுங்கள். உங்கள் கேடியின் பெயரையும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். பயிற்சியாளருக்கும் நண்பர்களுக்கும் கடிதத்தில் கொடுத்த இடத்தில் அவருக்குக் குறை மட்டும்தான் கிடைத்திருக்கிறது.

60 டிகிரி வெட்ஜ் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள் இல்லையா? சாய்வு ஓர் அளவுக்கு மேல் போனால் பந்து இன்னும் எளிதாக வழுக்கும். தொடங்குபவருக்கு 52 அல்லது 54 டிகிரி போதும் என்று சொல்லியிருப்பேன். வாங்கிவிட்டீர்கள் என்பதால் சொல்லவில்லை.