லிஃப்டிங் ஷூ வாங்குமுன் கணுக்காலை அளந்து பாருங்கள்

கேள்வி: ஸ்குவாட்டில் (எடை பூட்டிய கம்பியான பாரைத் தோளில் வைத்துக் குந்தி எழுவது) பாதி இறங்கியதுமே குதிகால் எழும்பி, உடம்பு முன்னால் சாய்ந்துவிடுகிறது. லிஃப்டிங் ஷூ (குதிகால் உயர்ந்த, அடிப்பாகம் கெட்டியான பளுதூக்கும் ஷூ) வாங்கு என்கிறார் கோச். விலை ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஷூ போட்டால் சரியாகுமா, ஸ்ட்ரெச்சிங் செய்தாலே போதுமா?
– வேலூர் வாசகர்

பதில்: முதலில் கணுக்கால்தான் காரணமா என்று பாருங்கள். வெறுங்காலில் சுவரைப் பார்த்து ஒரு காலை முன்வைத்து நில்லுங்கள். குதிகால் தரையை விட்டு எழாமல் முட்டி சுவரைத் தொட வேண்டும். முட்டி உள்பக்கம் சரியாமல் இரண்டாவது விரலுக்கு நேராகப் போக வேண்டும். தொட முடிகிற வரை பாதத்தைப் பின்னால் நகர்த்திக்கொண்டே வந்து, கடைசியில் பெருவிரல் நுனிக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை டேப்பால் அளங்கள். 10 செ.மீ.க்கு மேல் வந்தால் கணுக்காலில் பெரிய குறை இல்லை. 7, 8 செ.மீ.யிலேயே நின்றுவிட்டால் குதிகால் எழும்புவதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். இரண்டு காலையும் அளங்கள். வித்தியாசம் 2 செ.மீ.யைத் தாண்டினால், எடை ஏற ஏற ஸ்குவாட்டில் இடுப்பு ஒரு பக்கமாகத் திரும்பத் தொடங்கலாம்.

10 செ.மீ. வந்தும் சாய்கிறீர்கள் என்றால், 5 கிலோ பிளேட்டை நெஞ்சுக்கு முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு குந்திப் பாருங்கள். அப்போது நேராக உட்கார முடிந்தால், பெரும்பாலும் மூட்டில் குறை இல்லை. சமநிலையும் பழக்கமும்தான் போதவில்லை. அதற்கு ஷூ தேவையில்லை.

கணுக்கால்தான் இறுக்கம் என்றால் ஷூ அன்றைக்கே உதவும். குதிகால் உயர்ந்திருப்பதால் முட்டி முன்னால் போக இடம் கிடைக்கிறது, உடம்பு நிமிர்கிறது. ஆனால் மூட்டின் இறுக்கத்தை ஷூ மாற்றாது. கழற்றினால் பழைய அளவுதான்.

மூட்டின் இறுக்கத்தைக் குறைக்க, நேர்க்காலில் கெண்டைக்காலை இழுத்தால் மட்டும் போதாது. பலரும் அதை மட்டுமே செய்துவிட்டுப் பலனில்லை என்கிறார்கள். ஸ்குவாட்டில் முட்டி மடங்கியிருக்கிறது. அப்போது தடுப்பது கெண்டைக்காலின் உள்தசை. எனவே முட்டியை மடக்கியே நீட்ட வேண்டும். ஒரு முட்டி தரையில், மறு பாதம் முன்னால். முன்முட்டியின் மேல் 10 கிலோ பிளேட்டை வைத்து, குதிகால் எழாமல் முன்னால் சாய்ந்து 30 விநாடி, ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை. பிறகு படிக்கட்டு விளிம்பில் முட்டியைச் சற்று மடக்கி நின்று, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கி, அடியில் 2 விநாடி நிறுத்தி ஏற்றுங்கள். பத்துப் பத்தாக மூன்று செட். வாரத்தில் ஐந்து நாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே சுவரில் அளங்கள். மாற்றம் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். முட்டி முன்னால் போகும்போது பின்னால் கெண்டைக்கால் இழுபடாமல், கணுக்காலின் முன்பக்கம் குத்துவதுபோல் இருந்தால் இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள். தடை தசையில் இல்லை, மூட்டில் இருக்கலாம். பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள்.

ஸ்னாட்ச் (பாரைத் தரையிலிருந்து ஒரே மூச்சில் தலைக்கு மேல் தூக்குவது), கிளீன் (தரையிலிருந்து தோள்வரை தூக்குவது) செய்பவராக இருந்தால், கணுக்கால் நன்றாக இருந்தாலும் ஷூ வாங்குவது வீண் செலவல்ல. வாங்கும்போது முக்கியமானது ஏற்றம்: குதிகால் உயரத்திலிருந்து முன்பாத உயரத்தைக் கழித்தால் வருவது. 15 முதல் 22 மி.மீ. வரை வரும், 20 மி.மீ. பெரும்பாலானவர்களுக்குச் சரி. சில விற்பனைப் பக்கங்களில் குதிகாலின் மொத்த உயரத்தை மட்டும் 35 மி.மீ. என்று போட்டிருப்பார்கள். அதை ஏற்றம் என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

அடுத்து, கடையில் குதிகால் பகுதியைக் கட்டைவிரலால் பலமாக அழுத்துங்கள். அமுங்கினால் வேண்டாம். மரம், கெட்டியான பிளாஸ்டிக், அடுக்குத் தோல் எதுவும் அமுங்காது. ரன்னிங் ஷூ நுரை 100 கிலோ எடை ஏறினால் நசுங்கி, பாதம் பக்கவாட்டில் ஆடுவதால்தான் அதைப் போட்டு ஸ்குவாட் செய்யாதே என்கிறோம். தயாரித்த மாதத்தையும் பாருங்கள். பாலியூரிதேன் நுரை அடிப்பாகம் ஈரப்பதத்தில் வருடக்கணக்கில் கிடந்தால், போடாத ஷூவே பொடிந்துபோகும். தள்ளுபடி விலையில் வருவதில் இப்படிப் பழைய ஸ்டாக் இருக்கும். மாலையில், காலுறை போட்டு அளவு பாருங்கள். விரல் நுனியில் நகக்கண் அளவு இடம் போதும், அகலத்தில் நெரிக்கக் கூடாது. வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், பசை விட்டுவிடும். டெட்லிஃப்ட்டுக்கு (பாரைத் தரையிலிருந்து இடுப்பு உயரம்வரை தூக்குவது) இதைப் போட வேண்டாம். குதிகால் உயர்ந்த அளவுக்கு பாரைத் தூக்கும் தூரமும் கூடும், எடையும் முன்னால் தள்ளும்.

கேள்வி: ஃபோம் ரோலர் (தசைக்கு அடியில் வைத்து உருட்டும் நுரை உருளை) வாங்கலாமா, மசாஜ் கன் (தசையைத் தட்டி அதிரவைக்கும் கருவி) வாங்கலாமா?
– திருப்பூர் வாசகர்

பதில்: ரோலர். இரண்டின் பலனும் தற்காலிகம்தான்: உருட்டிய சில நிமிடங்களுக்கு மூட்டு கூடுதலாக அசையும். அந்த நேரத்துக்குள் வெறும் பாரோடு ஆழமாக ஸ்குவாட் செய்தால்தான் கிடைத்தது பயன்படும். உருட்டிவிட்டு போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் போச்சு. ஒரு தசைக்கு ஒரு நிமிடம் போதும். 45 செ.மீ. நீளம் கால், முதுகு இரண்டுக்கும் சரிவரும். மலிவான வெள்ளை ரோலர் சில மாதத்தில் தட்டையாகும். உடல் எடை 90 கிலோவுக்கு மேல் என்றால் உள்ளே பிளாஸ்டிக் குழாய் வைத்தது வாங்குங்கள். கீழ்முதுகிலும் முட்டியின் பின்பக்கத்திலும் உருட்ட வேண்டாம். நரம்புச் சுருட்டல் இருந்தால் அந்த இடத்தையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஸ்னாட்ச் பிடிக்கும்போது பார் முன்னால் விழுகிறது. தோள்பட்டைக்கு என்று ஒரு ஸ்ட்ரெச்சிங் கிட் விற்கிறார்கள். நல்லதா?
– சேலம் வாசகி

பதில்: கிட் வேண்டாம். பிளம்பிங் சாமான் கடையில் வெளிவிட்டம் 25 மி.மீ. உள்ள பிவிசி பைப் ஒன்று வாங்கி 2 மீட்டருக்கு வெட்டித் தரச் சொல்லுங்கள். பெண்களுக்கான பாரும் 25 மி.மீ. கனம்தான் என்பதால் பிடி அப்படியே பழகும். கனமான சுவருள்ள பைப்பாகக் கேளுங்கள், மெல்லியது வளையும்.

அதற்கு முன் மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, கீழ்முதுகைத் தரையோடு ஒட்டி, கைகளை நீட்டித் தலைக்கு மேல் கொண்டுபோங்கள். கட்டைவிரல் தரையைத் தொடாவிட்டால் இறுக்கம் தோளிலோ நடுமுதுகிலோ இருக்கிறது. தொட்டுவிட்டால் தோளில் குறையில்லை. கணுக்கால் இறுக்கத்தால் உடம்பு சாய்ந்து, அதோடு பாரும் முன்னால் போகலாம். வேலூர் வாசகருக்குச் சொன்ன அளவை எடுத்துப் பாருங்கள்.

இறுக்கம் மேலேதான் என்றால்: ரோலரைத் தோள்பட்டை எலும்புகளுக்குக் கீழே குறுக்காக வைத்து, இடுப்பைத் தரையிலேயே விட்டு, பின்னால் வளைந்து எட்டுப் பத்து மூச்சு. பிறகு பைப்பை அகலமாகப் பிடித்து, முழங்கை மடக்காமல் முன்னிருந்து பின்னுக்கு மெதுவாகப் பத்து முறை. வலியில்லாமல் போனால் மட்டும் அடுத்த வாரம் பிடியை ஒரு விரல் குறுக்குங்கள். கடைசியில் பைப்பைத் தலைக்கு மேல் ஏந்தி ஸ்குவாட், அடியில் 5 விநாடி நிறுத்தி, ஐந்தைந்தாக மூன்று செட்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய ரெசிஸ்டன்ஸ் பேண்ட் (இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை) இரண்டே வாரத்தில் அறுந்துவிட்டது. பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்கிறார்கள்.
– மதுரை வாசகர்

பதில்: அறுந்த இடத்தைப் பாருங்கள். அடுக்கு அடுக்காகப் பிரிந்து வந்திருந்தால் தயாரிப்புக் குறை. ஓரத்தில் சின்ன வெட்டு விழுந்து அங்கிருந்து கிழிந்திருந்தால், பாரைத் தாங்கும் ரேக்கின் கூர்மையான விளிம்பில் மாட்டியது காரணமாக இருக்கலாம். வெயிலில் கிடந்த ரப்பரில் பொடிப்பொடியாக விரிசல் தெரியும்.

குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. அறுந்த இடத்தை நெருக்கத்தில் படமெடுத்து, பில்லோடு எழுத்துமூலம் கேளுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதுவும் உதவாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அடுத்த முறை வாங்கும் பேண்டை அதன் நீளத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் இழுக்காதீர்கள், முகத்துக்கு நேராகவும் இழுக்காதீர்கள்.

கேள்வி: 14 வயது மகன் பளுதூக்குதல் பழகுகிறான். இப்போதே ஷூ வாங்கித் தரலாமா?
– தஞ்சாவூர் வாசகி

பதில்: கால் வளர்ந்துகொண்டிருக்கிறது, சீக்கிரமே சிறிதாகிவிடும். பயிற்சி மையத்தில் பழைய ஜோடி கிடைக்குமா என்று கேளுங்கள். இல்லையென்றால் தச்சரிடம் 18 மி.மீ. பிளைவுட்டில் 60 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலத்தில் ஒரு பலகை வெட்டி, அடியில் ரப்பர் ஷீட் ஒட்டித் தரச் சொல்லுங்கள். குதிகாலை அதன்மேல் வைத்து ஸ்குவாட் செய்யலாம். ஸ்னாட்ச்சுக்கும் கிளீனுக்கும் அது கூடாது, பாதம் தரையை விட்டு எழும்பி இறங்கும்போது தவறி விழுவான்.