நியூத்திரினோக்களைப் பிடிக்க ஏன் இத்தனை ஆழம்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நியூத்திரினோ எல்லாவற்றையும் ஊடுருவும் என்றால், அதைப் பிடிக்க நிலத்துக்கடியில் போவானேன்? (உயர்தர மாணவி, வெள்ளவத்தை)

பதில்: நியூத்திரினோ என்பது மின்னேற்றமற்ற, பிற பொருள்களோடு மிக அரிதாகவே மோதும் ஒரு நுண் துணிக்கை. ஆழத்தில் நியூத்திரினோக்கள் கூடுதலாகக் கிடைப்பதில்லை, மற்றத் துணிக்கைகள் குறைகின்றன என்பதே காரணம். விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் மியூவன்கள் என்னும் மின்னேற்றமுள்ள துணிக்கைகள், கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று வீதம் விழுகின்றன. அதே பரப்பினூடாகச் சூரியனிலிருந்து வரும் நியூத்திரினோக்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 6,500 கோடி கடந்து போனாலும், அவற்றுள் ஒன்று கருவியில் மோதுவதே அரிது. மியூவனோ கடக்கும்போதெல்லாம் தடம் விட்டுச் செல்லும். தரைக்கு மேல் நியூத்திரினோவைத் தேடுவது, புறக்கோட்டைச் சந்தையின் இரைச்சலுக்குள் ஒருவரின் முணுமுணுப்பைக் கேட்க முயல்வதற்கு ஒப்பானது. ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே என்னும் நியூத்திரினோ ஆய்வுகூடம் 50,000 தொன் தூய நீரோடு 1,000 மீற்றர் பாறைக்கு அடியில் இருக்கிறது. அந்தப் பாறை மியூவன்களை ஏறத்தாழ இலட்சத்தில் ஒன்றாகக் குறைத்துவிடுகிறது.

கேள்வி: தென் துருவத்தில் பனிக்கட்டிக்குள் எதைத்தான் பார்க்கிறார்கள்? (கொட்டாஞ்சேனை)

பதில்: நியூத்திரினோவை எவரும் நேரே பார்ப்பதில்லை. அது ஓர் அணுக்கருவில் மோதும்போது வெளிப்படும் மின்னேற்றமுள்ள துணிக்கைதான் சாட்சி. பனிக்கட்டிக்குள் ஒளி, வெற்றிடத்தில் தனக்குள்ள வேகத்தின் முக்காற் பங்கிலேயே செல்லும். அதை முந்திச் செல்லும் துணிக்கை செரன்கோவ் ஒளி எனப்படும் நீலநிற ஒளியைக் கூம்பு வடிவில் உமிழ்கிறது. 2010 இறுதியில் கட்டி முடிக்கப்பட்ட ஐஸ்கியூப், 86 வடங்களில் 5,160 ஒளியுணரிகளை 1,450 முதல் 2,450 மீற்றர் வரையான ஆழத்தில் தொங்கவிட்டு, ஒரு கன கிலோமீற்றர் பனிக்கட்டியையே கருவியாக்கிக்கொண்டது. ஒவ்வோர் உணரிக்கும் ஒளி வந்த நேரத்தை ஒப்பிட்டே துணிக்கையின் திசை கணிக்கப்படுகிறது.

இந்த ஆழம் முதலிலேயே தெரிந்திருந்ததன்று. முன்னோடியான அமண்டா திட்டம் 1990களின் தொடக்கத்தில் 800 முதல் 1,000 மீற்றர் வரை உணரிகளை இறக்கியபோது, அங்கிருந்த நுண்ணிய காற்றுக் குமிழிகள் ஒளியைச் சிதறடித்துத் திசையறிய விடாமல் செய்தன. ஆய்வாளர்கள் இடத்தை மாற்றவில்லை; இன்னும் கீழே துளைத்தார்கள். ஏறத்தாழ 1,400 மீற்றருக்குக் கீழே மேலுள்ள பனியின் அழுத்தம் குமிழிகளின் வளியைப் பளிங்கமைப்புக்குள்ளேயே அடக்கிவிடுவதால், பனிக்கட்டி மிகத் தெளிவாகிவிடுகிறது. இத்துறையின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் முடிவு அது.

அந்த ஆழத்துக்கும் மேலிருந்து மியூவன்கள் வரத்தான் செய்கின்றன. எனவே கீழிருந்து மேல்நோக்கி வரும் தடங்களுக்குச் சிறப்பிடம் உண்டு: பூமி முழுவதையும் கடந்து வரக்கூடியது நியூத்திரினோ மட்டுமே.

கேள்வி: அது நம் உடலைத் துளைத்துச் செல்வது ஆபத்தில்லையா? (தெஹிவளை)

பதில்: இல்லை. வாழ்நாள் முழுவதிலும் நம் உடலில் மோதும் சூரிய நியூத்திரினோக்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. உடலிலுள்ள பொற்றாசியமே செக்கனுக்குச் சில ஆயிரம் கதிர்த்தொழிற்பாட்டுச் சிதைவுகளைக் காண்கிறது.

கேள்வி: இவ்வளவு செலவில் என்ன கண்டார்கள்? (பம்பலப்பிட்டி)

பதில்: நியூத்திரினோவுக்குத் திணிவு உண்டென்பதை, ஒரு வகை நியூத்திரினோ இன்னொரு வகையாக மாறுவதன் மூலம் 1998இல் சூப்பர் கமியோகாண்டே காட்டியது, கனடாவின் சட்பரி ஆய்வுகூடம் சூரிய நியூத்திரினோக்களிலும் அதை உறுதிசெய்தது. தகாக்கி கஜிதாவும் ஆர்தர் மக்டொனால்டும் 2015இல் நோபல் பரிசு பெற்றது இதற்காகவே. ஐஸ்கியூப் 2022இல் என்ஜிசி 1068 என்னும் விண்மீன் மண்டலத்தையும், 2023இல் நமது பால்வீதியையும் நியூத்திரினோக்களின் பிறப்பிடங்களாக அடையாளம் காட்டியது.

கேள்வி: நமது பிராந்தியத்தில் இத்தகைய ஆய்வு நடந்ததுண்டா? (வத்தளை)

பதில்: உண்டு. வளிமண்டலத்தில் பிறக்கும் நியூத்திரினோக்களை உலகில் முதன்முதலாகப் பதிவுசெய்த இரு இடங்களுள் கர்நாடகத்தின் கோலார் தங்கச் சுரங்கம் ஒன்று. ஆண்டு 1965, ஆழம் 2 கிலோமீற்றருக்கு மேல். மற்றது தென்னாபிரிக்கச் சுரங்கம் ஒன்று. இலங்கையில் அவ்வளவு ஆழம் இல்லாவிட்டாலும், மியூவன்களை எண்ணும் சிறிய கருவியைப் பாடசாலை மாணவர்களே அமைக்கலாம்: துணிக்கை கடக்கும்போது ஒளிரும் இரண்டு மினுமினுப்புப் பிளாஸ்திக்குத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டிலும் ஒரே கணத்தில் எழும் ஒளியை மட்டும் கணக்கிட வேண்டும். அதே கருவியைக் கொழும்பிலும் நுவரெலியாவிலும், முடிந்தால் போகல காரீயச் சுரங்கத்திலும் வைத்து எண்ணினால், உயரத்தில் எண்ணிக்கை கூடுவதையும் ஆழத்தில் குறைவதையும் தங்கள் கணக்கிலேயே காண்பார்கள்.