பல வருடம் நின்ற பழைய சேத்தக் ஸ்கூட்டர் ஏன் கிளம்புவதில்லை?

பத்து வருடம் கொட்டகையில் நின்ற பஜாஜ் சேத்தக், புது பெட்ரோல் ஊற்றியும் ஏன் கிளம்ப மறுக்கிறது? பெரும்பாலும் கார்புரேட்டர் அடைப்புதான். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம் அது. அதன் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் மெல்ல ஆவியாகிவிடும். பெட்ரோலோடு கலந்து ஊற்றும் 2டி ஆயிலும் பிசினும் மட்டும் அடியில் தங்கும். சமையலறையில் எண்ணெய்த் தூக்கைச் சுற்றிப் படியுமே மஞ்சள் பிசுக்கு, அதே மாதிரி. கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் சின்ன பாகம்தான் ஜெட். அதன் துளை ஊசிமுனை அளவுதான், அந்தப் பிசுக்கே அதை மூடிவிடும்.

ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வட்டமாக ஒளி தெரியவில்லையா? கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து ஊதுங்கள். தயவுசெய்து கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். அப்புறம் டேங்கையும் கழுவிவிடுங்கள்.

'இன்ஜின் போச்சு' என்று பலர் வண்டியை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். கிக்கரை மிதிக்கும்போது காலில் நல்ல அழுத்தம் தெரிந்தால், பெரும்பாலும் இன்ஜின் உயிரோடுதான் இருக்கிறது.