படத்தில் வெள்ளையாகத் தெரிந்த கண்

கேள்வி: தேனி மாவட்டத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ நடத்துகிறேன். போன மாதம் ஒரு காதுகுத்து விழாவில் எடுத்த படங்களில் நாலைந்தில், ஒன்றேகால் வயதுக் குழந்தையின் இடது கண் மட்டும் வெள்ளையாகப் பளபளத்தது. ஃபிளாஷ் கோளாறு என்று நினைத்து, போட்டோஷாப்பில் கறுப்பாக்கி ஆல்பம் போட்டுக் கொடுத்துவிட்டேன். அது கண் புற்றுநோயாகக்கூட இருக்கலாம் என்று இப்போது ஒருவர் சொல்கிறார். நான் டாக்டர் இல்லை. பெற்றோரிடம் சொன்னால் வீணாகப் பயமுறுத்தியது போல ஆகிவிடாதா?

பதில்: சொல்லுங்கள். இதைப் படித்து முடித்தவுடன் போனை எடுங்கள். புற்றுநோய் என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம். “பாப்பாவின் ஒரு கண்ணில் வெளிச்சம் வேறு மாதிரி தெரிகிறது, இந்த வாரமே கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்” என்றால் போதும். திருத்தாத படங்களையும் அனுப்பி வையுங்கள்.

ஃபிளாஷ் அடித்தால் கண் சிவப்பாக விழுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். கண்ணின் பின்சுவரில் இருக்கும் ரத்தக்குழாய்களில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அது. அந்தச் சிவப்பு நல்ல அறிகுறி. வெள்ளையாகத் திரும்பினால், வழியில் ஏதோ மறிக்கிறது என்று பொருள். பிறவிக் கண்புரையாக இருக்கலாம், விழித்திரையில் வேறு கோளாறாக இருக்கலாம், ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றாகவும் இருக்கலாம். குழந்தை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பக்கவாட்டில் பார்க்கும்போது ஃபிளாஷ் நேராகப் பார்வை நரம்பின் முனையில் பட்டு, நல்ல கண்ணே வெள்ளையாகத் தெரிவதும் உண்டு. ஆனால் ஒரே கண் நாலைந்து படங்களில் அப்படித் தெரிந்தது என்கிறீர்களே, அதைக் கோணத்தின் தலையில் போட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. அப்புறம், கேமராவிலும் போனிலும் இருக்கும் ‘ரெட் ஐ’ நீக்கும் வசதி இந்த வெள்ளையையும் சில நேரம் மறைத்துவிடும்.

இந்த நோய் அபூர்வம்தான். 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் வரும். இந்தியாவில் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்தால், ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வந்துவிடுகிறது. வலி இருக்காது, குழந்தை விளையாடிக்கொண்டுதான் இருக்கும். ‘பூனைக்கண்’ என்று கொஞ்சுவார்கள். சிலருக்கு முதலில் மாறுகண்தான் தெரியும். நம் ஊரில் அதற்கு ‘அதிர்ஷ்டக் கண்’ என்று வேறு பெயர் வைத்திருக்கிறோம்!

என்னிடம் வந்த ஒரு குழந்தையின் அம்மா ஏழு மாதம் அலைந்திருந்தார். முதலில் பார்த்த டாக்டர், மாறுகண் வளர வளரச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த டாக்டரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். வாழ்நாள் முழுக்கப் பிராக்டிஸ் செய்தும் இந்த நோயை ஒருமுறைகூடப் பார்க்காத டாக்டர்கள் நிறையப் பேர் உண்டு. பார்த்திராத நோய் சட்டென்று நினைவுக்கு வராது.

நோய் கண்ணுக்குள்ளேயே இருக்கும்போது பிடித்துவிட்டால் உயிர் அநேகமாகத் தப்பிவிடும். வசதியான நாடுகளில் நூற்றுக்கு 95 குழந்தைகளுக்கு மேல் பிழைக்கிறார்கள். சீக்கிரம் வந்தால் லேசர், உறைய வைக்கும் சிகிச்சை, கீமோதெரபி என்று கண்ணையே காப்பாற்றவும் வழி உண்டு. முற்றியிருந்தால் கண்ணை எடுக்க வேண்டி வரும். குடும்பங்கள் பின்வாங்குவது இந்த இடத்தில்தான். பெரியவர்கள் கூடிப் பேசி, நாட்டு மருந்து பார்த்து, திரும்பி வரும்போது நோய் பார்வை நரம்பு வழியாக மூளைப் பக்கம் போயிருக்கும். கண்ணை எடுத்த சில வாரங்களில் செயற்கைக் கண் பொருத்திக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்குக்கூட எளிதில் தெரியாது.

உங்கள் ஊரிலிருந்து மதுரை கிட்டத்தான். அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ அரசு ராஜாஜி மருத்துவமனையின் கண் பிரிவுக்கோ போகச் சொல்லுங்கள். சொட்டு மருந்தால் கண்மணியை விரித்து உள்ளே பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் மயக்க மருந்து கொடுத்து நிதானமாகப் பார்த்து, ஸ்கேன் எடுப்பார்கள். மற்ற புற்றுகளைப் போல ஊசி குத்திச் சதை எடுத்துப் பரிசோதிக்க மாட்டார்கள், குத்திய வழியாகவே நோய் வெளியே பரவலாம் என்பதால். புற்று என்று உறுதியானால் கூடப்பிறந்த குழந்தைகளின் கண்களையும் பார்த்தாக வேண்டும். பத்தில் நாலு குழந்தைகளுக்கு இது மரபணு சார்ந்தது.

ஆண்டுதோறும் மே மாதம் இந்த நோய்க்கென்று விழிப்புணர்வு வாரம் வருகிறது. கண் மருத்துவமனைகளில் போஸ்டர் ஒட்டுகிறோம், நடைப்பயணம் போகிறோம். கண் மருத்துவமனைச் சுவரில் ஒட்டிய போஸ்டரை யார் படிப்பார்கள்? ஏற்கெனவே வந்துவிட்டவர்கள்தான். ஒன்றரை வயதுக்குள் ஒரு குழந்தையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது கண் டாக்டர்களான நாங்கள் இல்லை. ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரம், ஒன்பதாவது மாதம், ஒன்றரை வயது என்று தடுப்பூசி போடும் நர்சம்மாவும் குழந்தை மருத்துவரும்தான். ஆப்தல்மாஸ்கோப் என்ற கைவிளக்கு ஒன்று இருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கை தூரத்தில் நின்று இரண்டு கண்களிலும் சிவப்பு ஒரே மாதிரி வருகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. எங்கள் சங்கக் கூட்டங்களில் நாங்களே நாங்களாகப் பேசிக்கொள்வதை விட்டு, குழந்தை மருத்துவர்கள், கிராம சுகாதார செவிலியர்கள், அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் நலக் குழுவினர் ஆகியோரின் கூட்டங்களுக்குப் போய் இதைக் கற்றுக்கொடுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அவர்கள் நேரே கூப்பிட எங்கள் நம்பரையும் கொடுத்துவிட்டு வர வேண்டும். உங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகு அந்தப் பட்டியலில் போட்டோகிராபர் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

சரி, இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. அந்தக் குழந்தையின் பெயர் சூட்டு விழாவுக்கும் முதல் பிறந்த நாளுக்கும் நீங்களே படம் எடுத்திருந்தால், பழைய ஃபைல்களைத் தேடிப் பாருங்கள். எந்த மாதத்தில் கண் சிவப்பாக இருந்தது, எதிலிருந்து வெள்ளை தொடங்கியது என்று தெரிந்தால் பரிசோதிக்கும் டாக்டருக்கு அது பெரிய உதவி. அந்தப் படங்களைத் தேதியோடு ஒரு பென் டிரைவில் போட்டுக் குழந்தையின் அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள்.