லண்டனிலிருந்து ஒன்றரை வயதுப் பிள்ளையுடன் மட்டக்களப்புக்கு வருகிறோம். கார் சீட் கொண்டுவர வேண்டுமா?

மாமாங்கக் கோயிலின் தீர்த்தத் திருவிழாவுக்கு ஊருக்கு வரவிருப்பதாகவும், கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வாடகை வானில் மட்டக்களப்புக்கு வருவதாகவும், இங்கே சட்டம் கேட்டால் மட்டுமே மகனின் கார் சீட்டைத் தூக்கிவரலாம் என்று நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கல்லடியில் வசிக்கும், இரண்டு பிள்ளைகளின் தகப்பன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். கொண்டுவாருங்கள். ஆனால் அதைப் பொதி செய்வதற்கு முன்பே வான்காரரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பின்னால் உள்ள இருக்கைகளில், தோளுக்கு மேலால் வந்து இடுப்பில் பூட்டும் ஆசனப்பட்டி இருக்கிறதா, அது வேலை செய்கிறதா?

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரித்தானியாவில் பிள்ளைக்கு 12 வயது ஆகும் வரை, அல்லது அதற்கு முன்பே 135 சென்டிமீட்டர் உயரம் வரும் வரை, உரிய சீட் கட்டாயம். தவறினால் 500 பவுண் வரை தண்டம் விதிக்கலாம். அங்கேகூட டாக்சியில் பொருத்தமான சீட் இல்லாவிட்டால், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை பின்னாசனத்தில் அது இல்லாமலே போகலாம் என்று விலக்கு வைத்திருக்கிறார்கள். இலங்கையில் 2011ஆம் ஆண்டு வந்த விதி, சாரதிக்கும் அவருக்குப் பக்கத்தில் இருப்பவருக்குமான ஆசனப்பட்டியைப் பற்றியது. கல்முனை வீதியில் என்னைப் பலமுறை மறித்த பொலிஸார் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதியையும் புகைப் பரிசோதனைச் சான்றிதழையும் பார்த்திருக்கிறார்களே தவிர, பின்னால் பிள்ளை எப்படி இருக்கிறது என்று ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. ஆகவே தண்டத்துக்குப் பயந்து நீங்கள் சீட்டைச் சுமந்துவரத் தேவையில்லை.

நான் கொண்டுவரச் சொல்வதற்குக் காரணம் வேறு. மூத்த மகளுக்குப் பதினான்கு மாதமாக இருந்தபோது, கொழும்பிலிருந்து இரவு வானில் வந்துகொண்டிருந்தோம். வெலிக்கந்தைக்கும் புணானைக்கும் இடையில் வீதியிலேயே மாடுகள் படுத்திருக்கும், சில நேரம் யானையும் ஏறும் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். வளைவைத் தாண்டியதும் கறுப்பு மாடு ஒன்று வெளிச்சத்தில் விழ, சாரதி பிரேக்கை அழுத்தினார். வேகம் நாற்பதுக்கு மேல் இருந்திருக்காது, மோதவும் இல்லை. மடியில் நித்திரையாக இருந்த மகள் மனைவியின் இரண்டு கைகளுக்கும் இடையால் நழுவிப்போய், முன்னிருக்கையின் முதுகில் நெற்றியை அடித்துக்கொண்டாள். நெற்றி வீங்கியதோடு போயிற்று. மனைவி வீடு வந்து சேரும் வரை, "இறுக்கிப் பிடிச்சுத்தானே இருந்தனான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பிடித்துத்தான் இருந்தாள் என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் இல்லை.

பிறகு ஒருநாள் இருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதும் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதும் ஒன்றுதான். நடுத்தரத் தென்னை ஒன்றின் பாதி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில் போகும் வாகனம் ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றால், 11 கிலோ எடையுள்ள பிள்ளையைப் பிடித்து நிறுத்த 150 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைத் தாங்கும் கை வேண்டும். தாயையும் பிள்ளையையும் சேர்த்து ஒரே பட்டியால் கட்டுவது அதைவிட மோசம், ஏனென்றால் அப்போது தாயின் உடற்பாரம் முழுவதும் பிள்ளையைப் பட்டியோடு வைத்து நசுக்கும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கணக்கில், கார்களில் உரிய சீட் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உயிராபத்தை 71 சதவீதமும், ஒன்று முதல் நான்கு வயது வரையானவர்களின் உயிராபத்தை 54 சதவீதமும் குறைக்கிறது.

இனி ஆசனப்பட்டிக்கு வருகிறேன், இங்கே சிக்கலே அதில்தான் இருக்கிறது. நம் பக்கத்து வாடகை வான்கள் பலவற்றில் இருக்கைகளுக்கு றெக்சின் உறை தைத்துப் போட்டிருப்பார்கள், தைக்கும்போது பட்டியின் பூட்டு உறைக்கு உள்ளேயே அகப்பட்டுவிடும். என் அக்கா குடும்பத்தோடு வந்தபோது, விமான நிலையத்தின் வாகனத் தரிப்பிடத்தில் நின்று, இருக்கை இடுக்கில் முழங்கை வரை கையை விட்டு, மண்ணும் நிலக்கடலைத் தோலும் ஒட்டியிருந்த பூட்டு ஒன்றை அத்தான் இழுத்தெடுத்தார். அதன் நாக்குப் பகுதி மற்றப் பக்கத்தில் கிடைக்கவே இல்லை. சில வான்களில் பின்வரிசைகளுக்கு இடுப்புப் பட்டி மட்டுமே இருக்கும், ஐரோப்பாவில் விற்கும் சீட்டுகள் பெரும்பாலும் அதற்குப் பொருந்தாது. வான் பேசும்போதே பட்டியைப் பூட்டிய நிலையில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாடகை சற்றுக் கூடினாலும் பட்டியுள்ள காரையோ வானையோ எடுங்கள், ஏனெனில் சரியாகக் கட்டப்படாத சீட்டும் மோதலில் பிள்ளையோடு சேர்ந்து பறக்கும்.

வாகன இருக்கையோடு சேர்ந்து வரும் ஐசோஃபிக்ஸ் என்ற இரும்புக் கொளுவிகளால் மட்டுமே பூட்டக்கூடிய சீட் உங்களிடம் இருந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டு, ஆசனப்பட்டியாலும் கட்டக்கூடிய ஒன்றைக் கொண்டுவாருங்கள். இங்கு ஓடும் பழைய வாகனங்களில் அந்தக் கொளுவி இருக்கும் என்று நம்பி வரமுடியாது. பிள்ளைகளின் கார் சீட்டுகளுக்கான ஆர்129 என்ற பாதுகாப்புத் தரத்தின்படி 15 மாதம் வரையாவது பிள்ளை பின்னோக்கி இருக்கவேண்டும். உங்கள் மகன் அந்த வயதைக் கடந்துவிட்டாலும், சீட்டின் உயர, எடை எல்லை இடம்கொடுக்கும் வரை பின்னோக்கியே வைப்பது நல்லது. இந்த வயதில் தலை உடம்புக்குப் பெரிது, கழுத்தெலும்பு இன்னும் முற்றவில்லை; பின்னோக்கி இருந்தால் முன்மோதலின் அதிர்வை முதுகு முழுவதும் வாங்கிக்கொள்ளும். எயார்பேக் உள்ள முன்னிருக்கையில் பின்னோக்கிய சீட்டை ஒருபோதும் வைக்கவேண்டாம்.

கட்டும்போது சீட்டின் மேல் முழங்காலை ஊன்றிப் பட்டியை இழுங்கள். பட்டி போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது. தோள்வாரை விரலால் கிள்ளினால் மடிப்பு அகப்படாத அளவுக்கு இறுக்கம் வேண்டும். வெயிலில் நிறுத்திய வாகனத்தில் பூட்டின் இரும்பு தொடையைச் சுட்டுவிடும் என்பதால், இறங்கும்போது அதன்மேல் வெள்ளைத் துணி ஒன்றைப் போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்த வேலையைப் பழைய சாரம் ஒன்று பார்க்கிறது.

முச்சக்கர வண்டியில் சீட்டைக் கட்ட வழியே இல்லை, ஊருக்குள் ஓடவும் காரைப் பேசிக்கொள்வதுதான் நல்லது. பிள்ளை அழுதால் பாதிவழியில் தூக்கி மடியில் வைக்கச் சொல்லி மாமிமார் வற்புறுத்துவார்கள். "பிள்ளையைக் கட்டிப்போட்டுக் கொண்டுவாறீங்களே" என்ற பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். வாதாடாமல் ஹபரணையிலோ பொலன்னறுவையிலோ வண்டியை நிறுத்தி, பிள்ளையைச் சற்று நடக்கவிட்டு, பால் கொடுத்து, மறுபடி பூட்டிக்கொண்டு புறப்படுங்கள்.

திரும்பிப் போகும்போது சீட் சுமையாக இருந்தால், சிறுபிள்ளை உள்ள உறவினர் யாருக்காவது கொடுத்துவிட்டுப் போகலாம். உற்பத்தி ஆண்டு பொறித்த ஒட்டியைக் கிழிக்காமல், பொருத்தும் விளக்கப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுங்கள். விபத்தில் அகப்பட்ட சீட்டென்றால் கொடுக்கவேண்டாம். அக்கா விட்டுப்போன சீட்டில்தான் எங்கள் இளையவன் இப்போது கல்முனைக்கு அம்மம்மாவைப் பார்க்கப் போய்வருகிறான்.