வால் வெட்டின குட்டிக்கு நாலாயிரம் கூடவா?

கேள்வி: அண்ணா, பெரம்பூர்ல ரெண்டாவது மாடி ஃப்ளாட்ல இருக்கோம். பொண்ணு எட்டாவது படிக்கிறா, ரெண்டு வருஷமா நாய் வேணும் நாய் வேணும்னு ஒரே நச்சு. கடைசில இங்கிலீஷ் காக்கர் ஸ்பேனியல்னு முடிவு பண்ணி ஒருத்தர்கிட்ட போய் பாத்தோம். ஒரே ஈத்துல பொறந்த அஞ்சு குட்டி, மூணுக்கு வால் கட் பண்ணிருக்கார், ரெண்டுக்கு முழு வால் அப்படியே இருக்கு. கட் பண்ணது 22 ஆயிரமாம், வால் உள்ளது 18 ஆயிரமாம். ஏன்னு கேட்டா "இது வேட்டை நாய் சார், வால் கட் பண்ணாதான் ஒரிஜினல், இல்லன்னா அடிபட்டு புண்ணாகும்"ங்கிறார். வால் உள்ளதை எடுத்தா கூட ஆயிரம் ரூபா சேத்து குடுங்க, கட் பண்ணியே குடுத்துர்றேன்னும் சொல்றார். குட்டிகளுக்கு இப்ப 45 நாள். மாமனார் வேற வாலில்லாத நாய் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு நிக்கிறார். எதை எடுக்கலாம்?

பதில்: மாமனார் பக்கம்தான் நானும். ஆனா காரணம் வேற.

முதல்ல அந்த ஆயிரம் ரூபா ஆஃபரை காதுலயே வாங்காதீங்க. வால் வெட்டுறவங்க குட்டி பொறந்த ரெண்டாம் நாள்லேருந்து அஞ்சாம் நாளுக்குள்ள வெட்டிருவாங்க, அப்ப அதுக்கு கண்ணு கூட தொறந்திருக்காது. அந்த வயசுலயே வலிக்காதுன்னு சொல்றதெல்லாம் சும்மா, வெட்டும்போது கத்துற கத்து கேட்டா தெரியும். 45 நாள் குட்டிக்கு பண்ணனும்னா அது முழு மயக்கம் குடுத்து, எலும்பு நரம்பு ரத்தக்குழாய் எல்லாம் அறுத்து தையல் போடுற ஆபரேஷன். டெய்லர் கடையில பேன்ட் நீளம் குறைக்கிற மாதிரி இவர் பேசுறார்னா யார் கையால, எங்க வச்சு பண்ணுவார்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

அடுத்தது அந்த 45 நாள். சென்னையில எந்த விளம்பரத்தை பாத்தாலும் "45 டேஸ் பப்பி ரெடி"ன்னுதான் இருக்கும், அது ஏதோ சட்டம் மாதிரியே ஆயிடுச்சு. உண்மையான சட்டம் வேற, 2017ல வந்த நாய் வளர்ப்பு விற்பனை விதிப்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கவே கூடாது, அதாவது 56 நாள். உங்க குட்டிக்கு இன்னும் 11 நாள் இருக்கு. இந்த பதினோரு நாள்லதான் அது கூடப்பொறந்ததுங்களோட உருண்டு புரண்டு, எவ்வளவு அழுத்தி கடிச்சா அடுத்தது கத்தும்னு கத்துக்கும், அங்க கத்துக்கலன்னா உங்க பொண்ணு கைல கத்துக்கும்.

சரி விலைக்கு வருவோம். ஒரே அம்மா, ஒரே அப்பா, ஒரே பால், ஒரே தடுப்பூசி, வித்தியாசம் கத்திரிக்கோல் பட்டதா படலையாங்கறது மட்டும்தான், அதுக்கு நாலாயிரம். இதுல எனக்கு சிரிப்பு வர்றது எங்கன்னா, வால் இருந்தா ஆபத்துன்னு அவர் நிஜமா நம்பிருந்தா அஞ்சுக்கும்ல வெட்டிருக்கணும்? மூணுக்கு வெட்டி ரெண்டை விட்டு வச்சிருக்கார்னா அவருக்கே தெரியுது, இது கஸ்டமர் டேஸ்ட்டுக்காக, புடவைக்கு ஃபால்ஸ் தச்சு வேணுமா தைக்காம வேணுமான்னு கேக்கற மாதிரி.

அவர் சொன்னதுல பாதி உண்மை இருக்குங்கறதையும் சொல்லிடணும். ஸ்பேனியல் முள்ளுப்புதருக்குள்ள பூந்து பறவையை கிளப்பி விடுற நாய், வேலை செய்யும்போது வாலை விடாம ஆட்டிக்கிட்டே இருக்கும், நுனி கிழிஞ்சு ரத்தம் தெறிக்கும். ஸ்காட்லாந்துல 2010-11 வேட்டை சீசன்ல வேலை செஞ்ச நாய்களை வச்சு எடுத்த சர்வேல வால் வெட்டாத ஸ்பேனியல்கள்ல 56.6 சதவீதத்துக்கு ஒரு தடவையாவது வால்ல அடிபட்டிருக்கு. பெரிய நம்பர்தான். 2007ல முழுசா தடை போட்ட அதே ஸ்காட்லாந்து 2017ல வேட்டைக்கு போற ஸ்பேனியலுக்கும் பாயிண்டர் வகைகளுக்கும் மட்டும் விலக்கு குடுத்துச்சு, அதுவும் டாக்டர்தான் பண்ணனும், கடைசி மூணுல ஒரு பங்குதான் எடுக்கணும். நம்ம ஊர்ல ரெண்டு இன்ச் முளை மட்டும் விட்டு மிச்சத்தை எடுத்துர்றாங்களே, அந்த கணக்கு அங்க வேலை நாய்க்கே கிடையாது.

இது வேட்டைக்காட்டு கதை. சாதாரணமா வீட்ல வளர்ற நாய்களையும் சேத்து பிரிட்டன்ல 2010ல ஒரு ஆய்வு வந்துச்சு, கிளினிக் ரெக்கார்டு எல்லாம் பாத்ததுல வால்ல அடிபட்டது 0.23 சதவீதம்தான், ஒரு காயத்தை தவிர்க்க ஏறக்குறைய 500 நாய்க்கு வால் வெட்டணும்னு கணக்கு வந்துச்சு. இங்க வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி வேட்டைக்கே இடமில்ல. பெரம்பூர் ரெண்டாவது மாடில உங்க காக்கர் மிஞ்சிப்போனா ஒரு பல்லியை துரத்தும்.

அப்ப வீட்ல வாலுக்கு என்னதான் ஆகும்னா, கதவு. மெயின் டோர் காத்துல அடிச்சு சாத்துறது, இரும்பு கிரில் கேட், லிஃப்ட், இது மூணும்தான் எதிரி. கதவுக்கு ஒரு மேக்னட் ஸ்டாப்பர் போட்டா போதும், நாலாயிரம் ஆகாது.

என் கதையையும் சொல்றேன். நான் முதல்ல வாங்கின காக்கர் வால் வெட்டினதுதான், அப்ப எதுவும் கேக்கணும்னே தோணல, காக்கர்னா இப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். குளிப்பாட்டி ஹேர் ட்ரையர் போட்டு துவட்டும்போது பின்னாடி போனா மட்டும் சட்டுனு திரும்பி பல்லை காட்டுவான், மத்தபடி பச்சப்புள்ள. ஒரு நாள் முடியை ஒதுக்கி பாத்தா நுனில பட்டாணி சைசுக்கு முடியே முளைக்காம பளபளன்னு ஒரு தழும்பு, விரல் வச்சா உள்ள எலும்பு குத்துச்சு. வெட்டின நரம்பு அந்த இடத்துல முடிச்சு மாதிரி சுருண்டுக்கிட்டா இப்படி இருக்கும்னு டாக்டர் சொன்னார். எல்லா நாய்க்கும் வராது, எனக்கு வாய்ச்சது அது. இப்ப என் தங்கச்சி வீட்ல ஒரு காக்கர் முழு வாலோட இருக்கா, மார்கழி காலைல தங்கச்சி ஈரக்கோலம் போட்டு முடிச்சு நிமிர்றதுக்குள்ள சந்தோஷத்துல வாலாட்டிக்கிட்டே வந்து உக்காந்து பாதி கோலத்தை விசிறி மாதிரி தொடச்சு விட்டுருவா. திட்டுறதா சிரிக்கிறதான்னு தெரியாம நிப்பா பாவம்.

தெருநாய் விஷயமும் இருக்கு. கனடாவுல விக்டோரியா யுனிவர்சிட்டில ஒரு பொம்மை நாய்க்கு நீள வாலும் குட்டை வாலும் மாத்தி மாத்தி மாட்டி டெஸ்ட் பண்ணாங்க, 2008ல வந்தது. நீள வால் ஆடும்போது மத்த நாய்ங்க தைரியமா கிட்ட வந்துச்சு, ஆடாம நின்னா தயங்குச்சு, குட்டை வால்ல ஆடுதா ஆடலையாங்கற வித்தியாசமே அதுங்களுக்கு எடுபடல. பெரம்பூர் தெருவுல தினம் வாக்கிங் போகப்போற குட்டிக்கு இது சின்ன விஷயம் இல்ல.

"ஒரிஜினல்" பேச்சுக்கு: காக்கர் இனம் எப்படி இருக்கணும்னு சொல்ற சர்வதேச ஸ்டாண்டர்ட்லயே வெட்டாத வால் எப்படி இருக்கணும்னு எழுதிருக்கு, லேசா வளைஞ்சு, பின்னங்கால் கணுவுக்கு கீழ தொங்காம. வால் நீளத்துக்கும் பேப்பருக்கும், அதாவது இனப் பதிவு சர்டிஃபிகேட்டுக்கும், சம்பந்தமே இல்ல. அதை குடுக்கற கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தலைமை ஆபீஸே நம்ம சென்னையிலதான் இருக்கு, "பேப்பர் பின்னாடி வரும்"னு சொன்னா பதிவு நம்பர் வாங்கி அங்க விசாரிச்சுட்டு அப்புறம் அட்வான்ஸ் குடுங்க. சட்டம்னு பாத்தா 1960 மிருகவதை தடுப்பு சட்டத்துல உறுப்பை சிதைக்கிறது குற்றம்தான், வால் வெட்டுறதும் அதுல வரும்னு விலங்கு நல ஆளுங்க ரொம்ப நாளா சொல்றாங்க, ஆனா முதல் தடவை மாட்டினா அபராதம் 10லேருந்து 50 ரூபா, அதுக்கு எவன் பயப்படுவான்.

ஆக, வால் உள்ள ரெண்டுல ஒண்ணு, அதுவும் 56 நாள் ஆனப்புறம். போகும்போது வாலை விட்டுட்டு காதை பாருங்க, காக்கர் வாங்குறவங்க நிஜமா பாக்க வேண்டிய இடம் அதுதான். நம்ம ஊர் புழுக்கத்துல அந்த தொங்குற காதுக்குள்ள காத்தே போகாது, மடலை தூக்கி மோந்து பாருங்க, புளிச்ச மாவு வாடை அடிச்சா பூஞ்சை. விரல் இடுக்குல உண்ணி இருக்கான்னு பாருங்க, டிக் ஃபீவர் வந்தா ஆஸ்பத்திரி செலவு குட்டி விலைய தாண்டும். ஊசி கார்டுல பேனால எழுதினா மட்டும் பத்தாது, மருந்து பாட்டில் ஸ்டிக்கர் ஒட்டி டாக்டர் சீல் இருக்கணும். அம்மா நாயை காட்ட மாட்டேன்னு சொன்னா கிளம்பிடுங்க.

அந்த ரெண்டும் அதுக்குள்ள வித்துடுச்சுன்னா வெட்டினதை வாங்கிடாதீங்க, அந்த 22 ஆயிரம்தான் அடுத்த ஈத்துக்கும் கத்திரிக்கோல் எடுக்க வைக்கும். வேற ப்ரீடர்கிட்ட, குட்டி போடுறதுக்கு முன்னாடியே "எனக்கு வால் வெட்டக்கூடாது"ன்னு வாட்ஸ்அப்ல எழுதி புக் பண்ணுங்க. பொறந்து ஒரு வாரம் கழிச்சு சொல்லி பிரயோஜனம் இல்ல.

கேள்வி: நான் பாத்த காக்கர் குட்டிக்கு வால் பொறவியிலேயே குட்டைன்னு சொல்றாங்க சார், வெட்டலையாம். நம்பலாமா? (வேளச்சேரி)

பதில்: பிறவிக்குட்டை வால் பிரிட்டனி மாதிரி சில இனத்துல சகஜம், காக்கர்ல ரொம்ப அபூர்வம். நுனிய தடவி பாருங்க, பிறவின்னா மெதுவா கூராகி முடி மூடிருக்கும், வெட்டினதுன்னா மொட்டையா தழும்போட நிக்கும். கூடப்பொறந்த மத்த குட்டிகளையும் காட்ட சொல்லுங்க, அத்தனைக்கும் ஸ்கேல் வச்ச மாதிரி ஒரே நீளம்னா ஸ்கேல் வச்சுதான்.